லெட்டர் பாக்ஸில் அப்பா பெயர்: கோட்டிங்கனில் முதல் 37 நாட்கள்

நாள் 1, அக்டோபர் 1, புதன்

ஜெர்மனியின் கோட்டிங்கன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் சைக்கிள்கள். எண்ணி மாளாத சைக்கிள்கள், ஒன்றின் ஹேண்டில்பார் இன்னொன்றின் கூடைக்குள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கல் பீடம். மேலே சிலை இல்லை. பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறி, ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாமல் வந்து நின்றவனுக்கு, சிலையைப் பழுது பார்க்க எடுத்துப் போயிருக்கிறார்கள் போல என்றுதான் தோன்றியது.

கூட்டிப் போக வந்திருந்த அக்கா சிரித்தார். இங்கே மூன்றாம் வருடமாக முனைவர் பட்டம் செய்கிறவர், நண்பனின் நண்பன் மூலம் பழக்கம். "அது காலியாத்தான் இருக்கணும் தம்பி" என்றார். 1837இல் ஹனோவர் அரசர் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் அரசியலமைப்பைத் தூக்கிப் போட்டார். கோட்டிங்கன் பேராசிரியர்கள் ஏழு பேர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள், ஏழு பேருக்கும் வேலை போனது. கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் இருவரும் அந்த ஏழில் அடக்கம். ஹனோவர் ரயில் நிலையத்து வாசலில் அந்த அரசர் இன்னமும் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். இங்கே அதே பீடத்தின் நகல் மட்டும். குதிரையும் கிடையாது, ராஜாவும் கிடையாது. ஊர் பிடித்துவிட்டது.

விடுதியில் ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், சாவியும் ஒரு தாளும் தந்தார். தாளின் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். நான் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறேன் என்று வீடு தந்தவர் எழுதித் தரும் சான்று. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கையெழுத்தே போட்டு முடித்துவிட்டேன். "இதைத் தொலைச்சா உன்னையே தொலைச்ச மாதிரி" என்று அக்கா அதை வாங்கி என் ஃபைலில் வைத்தார். ஆய்வகத்துக்குக் கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "பால் வாங்கறதுக்கு முன்னாடி லெட்டர் பாக்ஸ்ல பேரை ஒட்டு. பேர் இல்லாத பெட்டியில தபால்காரர் எதுவும் போட மாட்டார். இங்க எல்லாமே காகிதம்."

கீழே இறங்கிப் போய், பள்ளி நோட்டில் எழுதிய நாளிலிருந்து எழுதி வருவது போல இனிஷியல், புள்ளி, என் பெயர் என்று எழுதி டேப் போட்டு ஒட்டினேன். நூற்றுக்கு மேல் பெட்டிகள். என்னுடையது கீழ் வரிசை, குனிந்தால்தான் தெரியும்.

நாள் 2, வியாழன்

நாளை விடுமுறை, கடை கிடையாது. அதனால் இன்று ஊரே கடையில் நிற்கிறது. ரொட்டி, முட்டை, தயிர், ஒரு தலையணை. கடை மூலையில் ஒரு எந்திரம். காலி பிளாஸ்டிக் பாட்டிலைப் போட்டால் சுழற்றிப் பார்த்துவிட்டு 25 சென்ட்டுக்குக் கணக்கு வைத்துக்கொள்கிறது. தண்ணீர் வாங்கும்போது வாங்கிய முன்பணம்தான் இப்படித் திரும்பி வருகிறது. எனக்கு முன்னால் நின்றவர் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொண்ட சீட்டைப் பார்த்தேன், எட்டு யூரோ சொச்சம். என் நாளைய சாப்பாட்டுச் செலவு.

மற்றபடி இன்று தூக்கம்தான்.

நாள் 3, வெள்ளி

ஜெர்மனி ஒன்றான நாள், 1990 அக்டோபர் 3. தெருவில் கூட்டம், கொண்டாட்டம் என்று எதிர்பார்த்துப் போனேன். ஒரு நாயும் அதன் பாட்டியும்தான் இருந்தார்கள்.

பழைய ஊரைச் சுற்றி ஒரு மண் கரை ஓடுகிறது. ஒரு காலத்தில் கோட்டை அரணாக இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் மரம் நிற்கும் நடைபாதை. அதன்மேல் முக்கால் சுற்று வந்து ஊருக்குள் இறங்கினேன். அப்புறம்தான் சுவர்களைக் கவனித்தேன். வீட்டு முகப்புகளில், முதல் மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சலவைக்கல் பலகைகள். ஒரு பெயர், இரண்டு ஆண்டுகள், அவ்வளவுதான். இந்த வீட்டில் இன்னார் இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுவரை குடியிருந்தார் என்று அர்த்தம். ஊர் முழுக்க 300க்கும் மேல் இருக்கிறதாம். முதலில் படித்த நான்கு பேர் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. ஐந்தாவது கணித மேதை காஸ். இயற்பியல் படிக்க வந்தவன் அந்தப் பெயரை ஒரு சாதாரண வீட்டுச் சுவரில் பார்த்தால் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வான். கீழ்த்தளத்தில் ஒருவர் ஜன்னலைத் திறந்து போர்வையை உதறிக்கொண்டிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பலகைக்காரர்களில் நிறையப் பேர் இங்கே வாடகைக்கு இருந்த மாணவர்கள். ஓராண்டு, இரண்டாண்டு. அவர்களும் முதல் வாரத்தில் தலையணை வாங்க அலைந்திருப்பார்கள்.

நாள் 5, ஞாயிறு

அலைபேசியில் ஒரு காணொளியைச் சத்தமாக வைத்துவிட்டேன்; பக்கத்து அறையிலிருந்து சுவரில் இரண்டு தட்டு. ஞாயிறு முழுநாளும் அமைதி நேரம். கண்ணாடி பாட்டிலைக்கூடத் தெருமுனைத் தொட்டியில் இன்று போடக் கூடாது, உடையும் சத்தம் கேட்குமாம்.

குப்பைக்கு நாலு தொட்டி: காகிதம், உணவுக் கழிவு, உறை வகைகள், மீதி. தேநீர்ப் பையை வைத்துக்கொண்டு சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றேன். பை உணவுக் கழிவு, நூல் முனையில் இருக்கும் அட்டை காகிதம், நடுவில் ஒரு பின். தேநீர் குடிப்பதை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

நாள் 7, செவ்வாய்

இன்று முகவரிப் பதிவு. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். எண் அச்சிட்ட சீட்டு, திரையில் எண், மேசையில் ஒரு அம்மையார். பாஸ்போர்ட்டை வாங்கித் தட்டச்சு செய்துவிட்டு என்னைப் பார்த்து, "ஹெர்", அதாவது திரு, என்று ஆரம்பித்து அப்பா பெயரைச் சொன்னார். நான் அனிச்சையாகத் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் வெளிநாட்டில் தொல்லை என்றார்கள். அப்பா பெயரைப் போட்டேன். இவ்வளவு நாள் அது ஒரே ஒரு எழுத்தாக என் பெயருக்கு முன்னால் நின்றது. இங்கே அது முழுசாக வளர்ந்து முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. என் பெயர் அடைப்புக்குள் போன மாதிரி இருக்கிறது. இனி நான் திரு. அப்பா.

பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வரி எண் தபாலில் வரும் என்றார்.

நாள் 8, புதன்

மருத்துவக் காப்பீட்டுக்காரர்களுக்குப் போன் செய்தேன். காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை நிறைவு பெறாது. பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னார்கள். நான் ஆங்கிலத்தில் கூட்டினேன், அவர் ஜெர்மனில் எழுதிக்கொண்டார். இங்கேதான் சிக்கல். ஆங்கில முதல் எழுத்தை நாம் 'ஏ' என்போம். ஜெர்மன் காதுக்கு 'ஏ' என்றால் அது ஐந்தாம் எழுத்து. நாம் 'ஈ' என்று சொல்லும் ஐந்தாம் எழுத்து அவர்களுக்கு ஒன்பதாம் எழுத்து. தமிழ்ப் பெயரில் மூச்சுக்கு மூச்சு 'அ' தானே? அவர் திருப்பிப் படித்தபோது அப்பா ஏதோ ஸ்காண்டிநேவியாக்காரர் ஆகியிருந்தார்.

மாலையில் அக்காவிடம் பாடம். ஆ, பே, ட்ஸே, டே, ஏ. "நம்ம ஆனா ஆவன்னாவை நெனச்சுக்கோ, ஆங்கிலத்தை மறந்துடு, சரியா வந்துடும்" என்றார். உண்மைதான், உயிரெழுத்துகள் பெரும்பாலும் நம் ஓசைதான். கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

நாள் 13, திங்கள்

தபால் ஒன்றும் வரவில்லை. இதை ஏன் பெரிதாக எழுதுகிறேன் என்றால், பணம் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

விசாவுக்காக முடக்குக் கணக்கு ஒன்றில் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ போட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மொத்தமாக எடுக்க முடியாது. மாதம் 992 யூரோ என் சாதாரண வங்கிக் கணக்குக்கு வரும். வங்கிக் கணக்கு திறந்தாயிற்று. ஆனால் கார்டு ஒரு உறையில், ரகசிய எண் இன்னொரு உறையில், இரண்டும் வேறு வேறு நாளில் தபாலில் வரும். வந்தால்தான் பணத்தைத் தொட முடியும். அதாவது என் பணத்துக்கும் எனக்கும் நடுவில் இரண்டு பூட்டு, ஒரு தபால்காரர்.

கையில் கொண்டுவந்த ரொக்கத்தில் மிச்சம் 61 யூரோ. காலையில் பதினோரு மணி வாக்கில் மஞ்சள் வண்டி வந்து போகிற சத்தம் கேட்டால் கீழே ஓடுகிறேன். பெட்டியின் சின்ன ஜன்னல் வழியே பார்க்கிறேன். பீட்சா விளம்பரம்.

பகலெல்லாம் அறிமுக வாரக் கூட்டங்கள். பத்துப் பத்துப் பேராக ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். சந்தைச் சதுக்கத்தில் வாத்துக்காரப் பெண் சிலை, கேன்ஸலீஸல். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் நீரூற்றில் ஏறி அவள் கன்னத்தில் முத்தமிடுவது வழக்கம். நல்லது. எனக்கு இப்போதைக்கு ரகசிய எண் போதும்.

நாள் 15, புதன்

அக்கா வந்தார். பெட்டிமுன் குனிந்தார். நிமிரவே இல்லை. சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இதுல யார் பேர்டா இருக்கு?"

"என் பேருதான் அக்கா."

"கவர்ல யார் பேர் வரும்?"

அப்போதுதான் உறைத்தது. தபால்காரர் தேடுவது குடும்பப் பெயரை. உறையில் அப்பா பெயர். பெட்டியில் அப்பா ஒரே ஒரு எழுத்து. நூறு பெட்டிக்கு முன் நின்று, புள்ளி வைத்த ஒற்றை எழுத்து யாருடைய அப்பா என்று யோசிக்க அவருக்கு நேரம் ஏது? பெறுநர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். வங்கியில் கேட்டால் ஆம், இரண்டு உறையும் அவர்களிடம் திரும்பி வந்துவிட்டன, மறுபடி அனுப்ப ஒரு வாரம் ஆகும். தப்பு முழுக்க என்னுடையது.

ஹவுஸ்மைஸ்டரிடம் போனோம். கையெழுத்துச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். டேப் பசை போகவில்லை. ஒரு துணியில் எதையோ நனைத்துத் துடைத்தார். பிறகு லேபிள் எந்திரத்தில் அடித்து, சாமணத்தால் பிடித்து, உலோகச் சட்டத்துக்குள் நேராக நுழைத்தார், ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் சாய்ந்ததும் வெளியே எடுத்து மறுபடி நுழைத்தார். வீட்டு விதிப்படி குடும்பப் பெயர் மட்டும். கறுப்பு எழுத்தில் அப்பா பெயர், தன்னந்தனியாக.

படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே பதில்: "நான் எப்படா அங்க குடிவந்தேன்?"

அக்கா போகும்போது நூறு யூரோ கையில் திணித்தார். "வேண்டாம்க்கா" என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை.

நாள் 20, திங்கள்

முதல் வகுப்பு. அட்டவணையில் 10 மணி. 9.50க்குப் போனேன், அரங்கில் நான் ஒருவன். 10 மணிக்கும் நான் ஒருவன். இடம் மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன். 10.10க்குத்தான் சாவகாசமாக வர ஆரம்பித்தார்கள், 10.15க்குப் பேராசிரியர். அட்டவணையில் நேரத்துக்குப் பின்னால் c.t. என்று இரண்டு சின்ன எழுத்து இருந்தால் கால் மணி கழித்து என்று பொருள், லத்தீன் சுருக்கம். நேரந்தவறாமைக்குப் பேர் போன ஊரில் கால் மணித் தாமதத்துக்குச் சட்ட அந்தஸ்து! ஆனால் 10.16க்கு வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

வகுப்பு முடிந்ததும் திடீரென்று அரங்கு முழுக்க மேசையில் விரல் முட்டியால் தட்டினார்கள். பாடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பாவம் மனிதர் என்று நினைத்தேன். அது கைத்தட்டல். நானும் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே.

வங்கிக் கார்டு வந்துவிட்டது. ரகசிய எண் இன்னும் வரவில்லை.

நாள் 23, வியாழன்

ரகசிய எண் வந்தது. அக்காவுக்கு நூறு யூரோ திருப்பியாயிற்று. எழுத இதுவே போதும், ஆனால் இன்று வேறொன்று இருக்கிறது.

வாரம் ஒரு பயிற்சித் தாள் தருகிறார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து போட்டுக் கொடுக்கலாம். பருவம் முழுவதிலும் பாதி மதிப்பெண்ணாவது வாங்கினால்தான் தேர்வெழுத விடுவார்கள். வகுப்பு கேட்பதைவிட இந்தத் தாள்தான் படிப்பு என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. புரியாத இன்னொன்று, யாரோடு சேர்வது. முதல் வாரத்திலேயே எல்லோரும் ஜோடியாகிவிட்டிருந்தார்கள். இடைவேளையில் கைப்பேசியைப் பார்ப்பது போல் பாவனை செய்துகொண்டு நின்றேன். இந்த ஊருக்கு வந்தபின் ரொம்பவும் தனியாக உணர்ந்தது அந்த ஐந்து நிமிடம்தான். பணமில்லாத நாட்கள்கூட இல்லை. கடைசியில் மேக்ஸிகோவிலிருந்து வந்த ஒருவனும் அதே பாவனையில் நிற்பதைக் கண்டுபிடித்தேன். அவனுக்கு இரண்டு குடும்பப் பெயர். ஒன்று அப்பாவுடையது, ஒன்று அம்மாவுடையது. பாஸ்போர்ட்டில் இரண்டும் இருக்கிறது. பல்கலைக்கழக அட்டையில் ஒன்றைக் காணோம். அம்மாவைத்தான் விட்டுவிட்டார்கள். நாங்கள் சேர்ந்துகொண்டோம்.

தாளின் மூன்றாம் கேள்வி கணிதவியலாளர் எம்மி நோதரின் தேற்றம். தொடர்ச்சியான ஒவ்வொரு சமச்சீருக்கும் பின்னால், ஏதோ ஓர் அளவு மாறாமல் இருக்கும் என்ற விதி ஒன்று உண்டு என்பது; 1918இல் வெளியானது, எழுதியது இந்த ஊரில். பயிற்சி வகுப்பு நடத்தும் மாணவர் கணக்கை நிறுத்திவிட்டுக் கதை சொன்னார். 1915இல் இங்கிருந்த கணிதப் பேராசிரியர்கள் ஹில்பர்ட்டும் ஃபெலிக்ஸ் கிளைனும் நோதரை இங்கே அழைத்தார்கள். பெண் என்பதால் ஆசிரியர் உரிமை கிடைக்கவில்லை. அதனால் அவர் எடுத்த பாடங்கள் ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்பட்டன. பலகையில் ஹில்பர்ட், கரும்பலகை முன்னால் நோதர். தன் பெயரில் பாடம் எடுக்கும் உரிமை 1919இல் வந்தது. 1933இல் யூதர் என்பதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அமெரிக்கா போய் இரண்டே ஆண்டில் இறந்துபோனார்.

பெட்டியில் அப்பா பெயர் இருக்கிறது என்று பத்து நாளாக நான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

நாள் 26, ஞாயிறு

இரவு மூன்று மணிக்குக் கடிகாரம் இரண்டு மணி ஆனது. ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம் என்று மகிழ்ந்தேன். மாலை ஐந்து மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் இருட்டியதும் விலை புரிந்தது.

ஹீட்டரின் திருகில் 0 முதல் 5 வரை எண்களும் ஒரு பனிப்படிகப் படமும். ஐந்தில் வைத்துவிட்டு ஜன்னலைச் சாய்த்து வைத்திருந்தேன். என்னோடு பொதுச் சமையலறையைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் இதைத் திருட்டைவிடப் பெரிய குற்றமாகப் பார்க்கிறார்கள். ஹீட்டரை மூடு, ஜன்னலை முழுதாகத் திற, ஐந்து நிமிடம், மறுபடி மூடு. இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை. இதற்குத் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது, ஷ்டோஸ்லுஃப்டன்.

நாள் 31, வெள்ளி

கிறிஸ்தவ மதச் சீர்திருத்த நாள், மறுபடி விடுமுறை. மேக்ஸிகோக்காரன் நகரக் கல்லறைக்குப் போகலாம் என்றான். அவன் ஊரில் இந்த வாரம் இறந்தவர்களைப் பார்க்கப் போகிற வாரமாம். பார்க்க இங்கே சொந்தம் யாருமில்லை, இயற்பியலாளர் பிளாங்கைப் பார்க்கலாம் என்றான்.

இலை கொட்டிக் கிடந்தது, மஞ்சளும் பழுப்புமாக, ஈரமாக. மாக்ஸ் பிளாங்கின் கல்லில் பெயர். அடியில், தரைக்குப் பக்கத்தில், குவாண்டம் இயற்பியலின் ஆதார எண்ணான அவருடைய மாறிலி. உட்கார்ந்து இலையைக் கையால் தள்ளினால்தான் தெரிகிறது. எந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் வருகிற அதே 6.62. மாக்ஸ் போர்னின் கல்லில் குவாண்டம் கணக்கின் ஆதார விதி, நிலையையும் உந்தத்தையும் வரிசை மாற்றிப் பெருக்கினால் வரும் வித்தியாசம். ஹில்பர்ட்டின் கல்லில் இரண்டு வரி: நாம் அறிந்தாக வேண்டும், நாம் அறிவோம். நோதரின் கல் இங்கே இல்லை.

இந்த வாரத் தாளில் போர்ன் கல்லில் இருந்த விதியை நாங்கள் தலைகீழாக எழுதி, குறி மாறி, நாலு மதிப்பெண் இழந்திருந்தோம். மேக்ஸிகோக்காரன் கல்லைப் படம் எடுத்துக்கொண்டான். "அடுத்த முறை இதைப் பார்த்து எழுதலாம்" என்றான்.

நாள் 37, நவம்பர் 6, வியாழன்

காலையில் மஞ்சள் வண்டிச் சத்தம். இப்போதெல்லாம் ஓடுவதில்லை, குப்பை கொட்டப் போகும்போது பார்த்துக்கொள்வேன். பெட்டியில் ஒரு கனமான உறை. சாளரம் வழியே "ஹெர்" என்பதும் அப்பா பெயரும் தெரிந்தன. ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. இந்த நாட்டில் அவர் பெயரை யாரும் இவ்வளவு அழகாக எழுதியதில்லை.

பொது ஒலிபரப்புக் கட்டணம். டிவி இருக்கிறதா, ரேடியோ இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. வீட்டுக்கு வீடு, மாதம் 18.36 யூரோ. மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. பொது நடைபாதையில் தனிக் கதவு உள்ள விடுதி அறையும் ஒரு வீடுதான் என்று சமையலறையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொன்ன விதத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

படம் எடுத்து அனுப்பினேன். "அப்பா, உங்க பேருக்கு பில் வந்திருக்கு."

அரை மணி கழித்துப் பதில் வந்தது. "கட்டிட்டு ரசீதை பத்திரமா வை."